முகாம் பிள்ளைகளின் ஆங்கில வகுப்புக்கு எதை வாங்கிக் கொடுப்பது?

காரைக்குடி அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, எண்பது வயதுச் சாந்திச் சடங்கு வருகிறதாம். விருந்துச் செலவில் 60,000 ரூபாயைக் குறைத்து, பக்கத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாமில் மாலை நேரத்தில் ஆங்கிலம் படிக்கும் 38 பிள்ளைகளுக்குப் பள்ளிச் சாமான் வாங்கித் தர வீட்டார் முடிவு செய்திருக்கிறார்கள். ஆளுக்கொரு பை, தண்ணீர்ப் பாட்டில், ஜியாமெட்ரி பாக்ஸ், ஆங்கில அகராதி என்று பட்டியலும் தயார். இது சரிதானா என்பது முதல் கேள்வி. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியும் பணம் அனுப்ப விரும்புகிறார், அதில் சட்டச் சிக்கல் வருமா என்பது இரண்டாவது.

பட்டியலுக்குச் சரி, தப்பு போடுவது எளிது. அதற்கு முன்னால் இந்தப் பிள்ளைகள் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, ஆண்டின் நடுவில் எது தீர்ந்துபோகிறது, அது தீரும்போது ஆங்கிலம் எங்கே நின்றுவிடுகிறது என்று பார்க்க வேண்டும். நான் சிவகங்கை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் முகாம் பிள்ளைகள் இல்லாத ஆண்டு கிடையாது. இப்போது ஒரு முகாமின் மாலை வகுப்புக்கு அவ்வப்போது போய் வருகிறேன். தொடக்க, நடுநிலை வகுப்புப் பிள்ளைகளை மட்டுமே நெருங்கிப் பார்த்தவன் என்பதால், கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாமல் போகலாம்.

பட்டியலில் முதலில் அடிக்க வேண்டியது பை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் மற்ற பிள்ளைகளுக்குத் தருவதையெல்லாம் முகாம் பிள்ளைகளுக்கும் தருகிறார்கள்: பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, சின்ன வகுப்புக்கு கிரேயானும் கலர் பென்சிலும், மேல் வகுப்புக்கு ஜியாமெட்ரி பாக்ஸும் அட்லஸும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் என்றுதான் பேசுகிறது, குடியுரிமை கேட்பதில்லை. அரசுப் பை வருகிற அதே ஜூன் மாதத்தில் ஒரு சங்கமும் பை கொடுக்கும், ஒரு கம்பெனியும் கொடுக்கும். முகாம் வீட்டு ஆணியில் இரண்டு மூன்று பைகள் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் வெங்காயம் இருந்தது. பையைவிட வெங்காயம் அந்த வீட்டுக்கு முக்கியம் என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தீர்ந்துபோகிற சாமானுக்குத்தான் தட்டுப்பாடு. ஜூனில் வந்த நோட்டு காலாண்டுத் தேர்வு முடியும்போது கடைசிப் பக்கத்துக்கு வந்துவிடும். பள்ளி நோட்டு பள்ளிக்கூடத்து வேலைக்கே சரியாகிவிடுகிறது. மாலை வகுப்பில் எழுதிப் பழகத் தனிக் காகிதம் வேண்டும். வீட்டில் கேட்டால், பெயிண்டிங் வேலைக்குப் போன அப்பாவுக்குச் சம்பளம் வரும் சனிக்கிழமை வரை பொறு என்பார்கள். அரசு தரும் மாதப் பணக்கொடை 2021இல் உயர்த்தப்பட்டபோது குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்குத் தலைக்கு 500 என்று ஆயிற்று. அந்த 500இல் ஒரு நோட்டு பெரிய விஷயமில்லை என்று நமக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அதில் நோட்டுக்கு என்று ஒதுக்க மிச்சம் எதுவும் இருக்காது.

ஆகவே முதல் செலவு நோட்டு, அதிலும் நான்கு வரி நோட்டு. கடையில் ‘இங்கிலீஷ் நோட்டு’ என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கித் தருகிறவர்கள் மலிவு பார்த்துச் சாதா கோடு போட்ட நோட்டை மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் ஏ, சி, இ எல்லாம் நடுவிலுள்ள இரண்டு நீலக் கோடுகளுக்குள் அடங்கும். ஹெச், கே போன்றவற்றின் தலை மேல் சிவப்புக் கோட்டைத் தொடும். ஜி, ஒய் வால்கள் கீழ்ச் சிவப்புக் கோட்டுக்கு இறங்கும். ஒற்றைக் கோட்டு நோட்டில் எழுதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த உயர வேறுபாடு கண்ணுக்கே படுவதில்லை. எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில் நிற்கும். ஜி-யின் வால் அடுத்த வரி ஹெச்-சின் தலையில் இடிக்கும். எழுதிய பிள்ளையாலேயே மறுநாள் அதைப் படிக்க முடியாது. தன் கையெழுத்தையே படிக்க முடியாத பிள்ளைக்கு அச்செழுத்தில் எப்படிப் பிடிப்பு வரும்? வாங்கும்போது கோடுகளின் இடைவெளியையும் பாருங்கள். முதல் இரண்டு வகுப்புக்கு அகலக் கோடு, மேலே போகப் போகக் குறுகிய கோடு. காகிதத்தைத் தடவிப் பார்த்து, ஒரு மூலையில் பேனாவால் கிறுக்கி மறுபக்கம் மை தெரிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாவது பென்சில், ரப்பர், சார்ப்னர். நடராஜோ அப்சராவோ, எதுவானாலும் பெயர் தெரிந்த கம்பெனிப் பென்சிலாக இருக்கட்டும். பெயரில்லாத பென்சில் ஒருமுறை கீழே விழுந்தால் உள்ளேயே முனை நொறுங்கிவிடும், பிள்ளை சீவிக்கொண்டே இருக்கும், எழுதாது. ஆளுக்கு ஒரு பெட்டி என்று கொடுத்துவிடாமல், வகுப்பில் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, கட்டைப் பென்சிலைக் கொடுத்துப் புதியது வாங்கிக்கொள்ளும் முறை நன்றாக வேலை செய்கிறது. இன்னொன்று சிலேட்டு. பழைய காலத்துச் சாமான் என்று ஒதுக்காதீர்கள். தமிழில் ப என்ற ஒரே எழுத்து இரண்டு ஒலிக்கும் நிற்பதால் ‘பேட்’ (bat, pat) என்று சொன்னால் மட்டையா, தட்டுவதா என்று பிள்ளைகள் தடுமாறுவார்கள். வயிறு வலப்பக்கம் உள்ள பி-யையும் இடப்பக்கம் உள்ள டி-யையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். நோட்டில் தப்பு நிலைத்துவிடும், சிவப்பு மையும் விழும் என்ற பயத்தில் பலர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தே எழுதுவார்கள். சிலேட்டில் அந்தப் பயம் இல்லை. சொல்லச் சொல்ல எழுதி, தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, ஈரத்துணியால் துடைத்துவிடலாம். யார் எதில் தடுமாறுகிறார்கள் என்று ஆசிரியருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். குச்சி மட்டும் தாராளமாக வாங்குங்கள். சிலர் அதைத் தின்பார்கள்.

இவையெல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுவதற்கும் 500 ரூபாயை ஒட்டித்தான் வரும். மொத்தமாக வாங்கினால் இன்னும் குறையும். 2025 செப்டம்பர் 22 முதல் பயிற்சி நோட்டு, பென்சில், ரப்பர், சார்ப்னர், கிரேயான், வரைபடம் ஆகியவற்றுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

அடுத்தது பிள்ளைகள் எதன்மேல் வைத்து எழுதுகிறார்கள் என்பது. இதை யாரும் யோசிப்பதில்லை. பழைய முகாம் வீடுகள் பெரும்பாலும் ஒற்றை அறை. சிதிலமடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அரசு 2021இல் அறிவித்து, பல இடங்களில் கட்டியும் கொடுத்திருக்கிறது. புது வீட்டிலும் மேசை நாற்காலிக்கு இடமில்லை. பிள்ளை தரையில் குப்புறப் படுத்து எழுதும், அல்லது மடியில் வைத்து எழுதும். ஆளுக்கொரு பரீட்சை அட்டை கட்டாயம் வாங்குங்கள். மாலை வகுப்புக்குப் பத்துத் தாழ்மேசை செய்து போட முடிந்தால் இன்னும் நல்லது. நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் கணக்கப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து பேரேடு எழுதிய சாய்மேசை நினைவிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் அதை இப்போது ஓட்டல் அலங்காரத்துக்கு விலை பேசுகிறார்கள். தரையில் உட்காரும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான உயரம் வேறில்லை. பழசு வாங்க வேண்டாம், விலை கட்டாது. உங்கள் ஊர்த் தச்சரிடம் ஒன்றைக் காட்டி, பிளைவுட்டில் அதே அளவில் செய்துதரச் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு வருவோம். 38 அகராதி வேண்டாம். ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளை அகராதியைத் திறக்காது, திறந்தாலும் அகரவரிசை பிடிபடாமல் மூடிவிடும். லிஃப்கோ போன்ற கையடக்க ஆங்கில-தமிழ் அகராதி நான்கைந்து வாங்கி வகுப்பில் வையுங்கள். மீதிப் பணத்துக்குக் கதைப் புத்தகம். பக்கத்துக்கு ஓரிரு வரியும் பெரிய படமும் உள்ளவை, ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தே உள்ளவை. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படப் புத்தகங்களுக்குப் பெயர் பெற்றது. பிரதம் புக்ஸ் மலிவு விலையில் போடுகிறது. அவர்களின் ஸ்டோரிவீவர் தளம் 2015இலிருந்து இயங்குகிறது. அதிலுள்ள கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். கதை எழுதியவர், படம் வரைந்தவர் பெயரை நீக்கக் கூடாது, அவ்வளவுதான். வாசிப்பு நிலை நான்காகப் பிரித்திருப்பார்கள். முதல் இரண்டு நிலைகளில் நாற்பது ஐம்பது கதைகளைத் தேர்ந்து, காரைக்குடியில் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் அச்சடித்துப் பின் அடித்தால் ஒரு சிறு நூலகம் கிடைத்துவிடும். எட்டாம் வகுப்பில் படிக்கிறவனுக்கு முதல் நிலைக் கதையைக் கொடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. எல்லோர் முன்னாலும் கொடுத்தால் படிக்க மாட்டான். தம்பிக்கு வாசித்துக் காட்டு என்று சொல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இரண்டு பேரும் படிப்பார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் மேல் ஏக்கம் உண்டு, அதை நாம் ஊட்டத் தேவையில்லை. பாட்டிமார் 1983இலோ 1990இலோ படகேறி வந்தவர்கள், இன்னும் நோட்டைக் கொப்பி என்பார்கள். பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். சித்தப்பா குடும்பம் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அங்குள்ள பிள்ளைகள் கடகடவென்று ஆங்கிலத்தில் பேச, இங்குள்ளவர்கள் சிரித்தபடியே திரைக்கு வெளியே நழுவுவார்கள். குடியுரிமை இல்லாததால் அரசு வேலை கிடையாது, தனியார் கம்பெனிதான் போக்கிடம், அங்கே ஆங்கிலம் கேட்பார்கள் என்பது ஏழாம் வகுப்பிலேயே இவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. முகாம் பெற்றோர் சிலர் கடன் வாங்கித் தனியார் ஆங்கில வழிப் பள்ளிக்குப் பணம் கட்டுவதும் இதனால்தான். அந்தப் பிள்ளைகளுக்கு அரசின் இலவசச் சாமான்கள் வராது. உங்கள் 38 பேரில் அப்படி யாராவது இருந்தால், அவர்களுக்கு மட்டும் பை உண்மையாகவே தேவைப்படலாம். கேட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனிச் சொல்வதில் உண்டு. டேப்லெட் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆங்கில ஒலியைக் காதால் கேட்க அது உதவும், உண்மைதான். ஆனால் யார் பூட்டி வைப்பது, யார் சார்ஜ் போடுவது, உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளில் வகுப்பு நடத்தும் பெண் நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நன்றாக நடந்த இடமும் இருக்கலாம். சுவரில் ஒட்டும் வண்ண வண்ணச் சார்ட்டுகளால் பயன் உண்டா என்பதும் எனக்கு உறுதியில்லை. இரண்டு வாரத்தில் அவை சுவரோடு சுவராகிவிடுகின்றன. பிள்ளைகளையே வரையச் சொல்லி ஒட்டினால் கொஞ்ச நாள் கூடுதலாகப் பார்க்கிறார்கள். ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ வகைப் புத்தகங்களை மட்டும் தயவுசெய்து வாங்க வேண்டாம்.

பட்டியலில் நீங்கள் சேர்க்காத ஒன்று, வகுப்பு நடத்தும் அந்தப் பெண். அநேகமாக முகாமிலேயே பிறந்து பட்டம் முடித்தவராக இருப்பார். ஏதாவது தொண்டு நிறுவனம் தரும் சிறு தொகைக்கு வாரம் ஐந்து நாள் பாடம் எடுப்பார். உங்கள் பணத்தில் ஒரு பதினைந்தாயிரத்தை ஒதுக்கி, பத்து மாதத்துக்கு மாதம் 1,500 ரூபாய் கூடுதலாக அவருக்குக் கிடைக்கச் செய்தால், நீங்கள் வாங்கும் எந்தச் சாமானையும்விட அது அதிகம் பேசும். அவர் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டால் நோட்டும் சிலேட்டும் அலமாரியில்தான் இருக்கும். என்ன தேவை என்பதையும் அவரிடமே முதலில் கேளுங்கள். என் பட்டியலை அவர் மாற்றச் சொன்னால் தயங்காமல் மாற்றுங்கள்.

கொடுக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தை. முகாமுக்குள் வெளியார் நினைத்த நேரத்தில் போய் விநியோகம் செய்ய முடியாது. அது மறுவாழ்வுத் துறையின் பொறுப்பில் உள்ள இடம், கியூ பிரிவு எனப்படும் உளவுப் போலீஸின் கண்காணிப்பும் உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி பெறுங்கள். அதைவிடச் சுலபம், ஏற்கெனவே அனுமதியோடு வகுப்பு நடத்தும் அமைப்பின் வழியாகச் செய்வது. 1984இல் ஏதிலியர்களே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், யேசு சபையாரின் அகதிகள் பணி அமைப்பும் தமிழ்நாட்டு முகாம்களில் நீண்டகாலமாகக் கல்வி வேலை செய்து வருகின்றன. உங்கள் முகாமில் யார் நடத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். எல்லாவற்றையும் சாந்தியன்றே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை இப்போது, ஒரு பங்கை காலாண்டு விடுமுறை முடிந்ததும், மீதியைப் பொங்கல் கழிந்து. அக்டோபரில் வரும் நான்கு வரி நோட்டுக்கு இருக்கும் மதிப்பு ஜூன் மாத நோட்டுக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வைத்துக் கொடுக்கவும் வேண்டாம். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க் கூலிக்காரர் பிள்ளைக்கும் நோட்டு இருக்காது. முகாமுக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுத்தால் அன்று மாலையே சண்டை வரும். மாலை வகுப்பில் உள்ளூர்ப் பிள்ளைகளும் உட்காரலாம் என்று ஏற்பாடு செய்ய முடிந்தால், அவர்களையும் கணக்கில் சேர்த்து வாங்குங்கள்.

எவர்சில்வர் டம்ளர் வரைக்கும் விலாசம், அதாவது வீட்டாரின் பெயரெழுத்து, வெட்டுகிற ஊர் நம்முடையது. நோட்டு அட்டையில் அப்பச்சி பெயர் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பிள்ளைகளுக்கும் இருக்காது. ஆனால் அதன் கீழே ‘அகதி மாணவர்களுக்கு அன்பளிப்பு’ என்று அச்சடிக்காதீர்கள். அரசே 2021இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிவிட்டது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது, கணக்குப் பெட்டியை விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்களின் கதை நம் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. அறுபதுகளில் வந்தவர்களின் பெயரால் காரைக்குடியில் பர்மா காலனியே இருக்கிறது. அப்பச்சிக்கு இதை எடுத்துச் சொன்னால் எனக்கு முன்னால் அவரே அந்த வரியை அடிக்கச் சொல்லிவிடுவார் என்று நினைக்கிறேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுப்பதையும் தவிர்த்துவிடுங்கள். சாமானை ஆசிரியர் கையில் ஒப்படைத்து, பதிவேட்டில் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.

கடைசியாகத் தம்பியின் பணம். அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. இந்திய வம்சாவளியாக இருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான், அவரிடமிருந்து நேரடியாகப் பணம் பெற அந்தத் தொண்டு நிறுவனம் மேற்படிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும். அண்ணனான உங்களுக்கு உறவினர் என்ற முறையில் அவர் அனுப்புவதற்குச் சட்டம் விலக்கு தருகிறது, ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்கவும் தேவையில்லை. ஆனால் அப்படி வந்த பணத்தை நிறுவனத்துக்குக் கைமாற்றிவிடுவது ஏற்கப்படுமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். பதிவு பெற்ற அமைப்பு என்றால் அவர்களுடைய வெளிநாட்டுப் பங்களிப்புக் கணக்கு டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் இருக்கும். அந்தக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கித் தம்பியையே நேரே அனுப்பச் சொல்வது எல்லாவற்றிலும் சுத்தமான வழி.